மஹெனோவை ஏன் யாரும் எடுத்துப் போகவில்லை?

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனுக்கு மேற்படிப்புக்கு வந்திருக்கும் ஒரு தம்பி, நண்பர்களோடு குவீன்ஸ்லாந்துக் கரையோரம் இருக்கும் கரி தீவுக்கு (முன்பு ஃப்ரேசர் தீவு) போய்விட்டு வந்து எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். அலைவாயில் துருவேறிக் கிடக்கும் பெரிய கப்பல், அதன் முன்னால் நால்வர். கூடவே கேள்விகள்: "அண்ணே, இது என்ன கப்பல்? இவ்வளவு வசதியான நாட்டில் இதை ஏன் அப்புறப்படுத்தாமல் விட்டிருக்கிறார்கள்? கிட்டப் போகாதே என்று பலகை வைத்திருக்கிறார்களே, அப்படி என்ன ஆபத்து? இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?"

கப்பல் என்ஜின் அறையில் 22 வருஷம் வேலை பார்த்துவிட்டு இங்கே குடியேறியவன் நான். அந்தக் கடற்கரைக்கு ஐந்து முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கப்பல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேரான பதில். அதை அங்கேயே விட்டுவைக்கலாம் என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. மிதக்கவைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. விற்கப் பார்த்தார்கள், வாங்க ஆள் வரவில்லை. அதற்குள் மணல் பிடித்துக்கொண்டது. இந்த மூன்று வாக்கியத்தோடு நிறுத்தினாலும் உங்கள் கேள்விக்குப் பதில் ஆகிவிடும். ஆனால் நீங்கள் முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்ட அந்த இரும்புக்குள் ஒருகாலத்தில் குண்டடிபட்ட பையன்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

கப்பலின் பெயர் மஹெனோ. மாவோரி மொழியில் தீவு என்று பொருள். 1905 ஜூன் 19 அன்று, ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றங்கரை ஊரான டம்பார்டனில், வில்லியம் டென்னி அண்ட் பிரதர்ஸ் கட்டுதளத்திலிருந்து நீரில் இறங்கியது. நியூசிலாந்தின் யூனியன் ஸ்டீம் ஷிப் கம்பெனிக்காகக் கட்டியது. நீளம் 122 மீட்டர், கப்பல் கணக்கில் கொள்ளளவு 5,000 டன்னுக்கு மேல். சிட்னிக்கும் வெலிங்டன், ஆக்லாந்து துறைமுகங்களுக்கும் நடுவே டாஸ்மன் கடலைக் கடந்து ஆட்களை ஏற்றிச் செல்வதுதான் அதன் பிழைப்பு. விமானம் இல்லாத காலம். இரண்டு நாடுகளுக்கும் இடையே கல்யாணம், வியாபாரம், சாவு வீடு எதற்குப் போவதென்றாலும் இந்த மாதிரிக் கப்பல்தான்.

என்ஜின்காரன் என்ற முறையில் இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். மஹெனோ பழைய பிஸ்டன் என்ஜினில் ஓடிய கப்பல் இல்லை, நீராவி டர்பைன் கப்பல், அதாவது நீராவி பாய்ந்து தகடுகளை விசிறிபோல் சுற்றவைக்கும் என்ஜின். 1905-ல் அது மிகப் புதிய சங்கதி. டர்பைன் பூட்டி வணிகத்துக்கு ஓடிய உலகின் முதல் பயணிகள் கப்பலான கிங் எட்வர்டை 1901-ல் கட்டியதும் இதே டென்னி தளம்தான். பெயர்பெற்ற லூசிட்டானியாவும் மாரிட்டானியாவும் ஓடத் தொடங்கியது 1907-ல். அதற்கு இரண்டு வருஷம் முன்பே இந்தத் தொழில்நுட்பத்தோடு உலகத்தின் தெற்கு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது மஹெனோ. ஆனால் அந்தக் கால டர்பைனில் ஒரு சிக்கல். டர்பைனுக்கு வேகமாகச் சுற்றப் பிடிக்கும், ப்ரொப்பெல்லருக்கு மெதுவாகச் சுற்றப் பிடிக்கும். நடுவில் கியர் இல்லாமல் ஒரே தண்டில் இரண்டையும் பூட்டினால் இரண்டுக்குமே திருப்தி இருக்காது, நிலக்கரிதான் அள்ளி அள்ளிப் போட வேண்டும். 1914-ல் மூன்று ப்ரொப்பெல்லரை இரண்டாகக் குறைத்து, கியர் பூட்டிய டர்பைனுக்கு மாற்றினார்கள். அடுத்த வருஷமே கப்பலின் தலையெழுத்து மாறியது.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1915 ஏப்ரலில் துருக்கியின் கலிப்போலியில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் தரை இறங்கின. காயம்பட்டவர்களின் எண்ணிக்கை யாரும் கணக்குப் போட்டதைவிடப் பல மடங்கு போனது. நியூசிலாந்து தனக்கென்று ஒரு மருத்துவக் கப்பலைத் தயார் செய்ய முடிவெடுத்தது. ஆளுநர் லிவர்பூல் பிரபு வேண்டுகோள் விட, மக்கள் பணமாகவும் பொருளாகவும் கொடுத்தார்கள். மஹெனோவின் உல்லாச அறைகள் வார்டுகளாயின, அறுவைச் சிகிச்சைக் கூடம் வந்தது. வெளிப்பக்கம் முழுக்க வெள்ளை அடித்து, நீளவாக்கில் பச்சைப் பட்டை போட்டு, பெரிய செஞ்சிலுவைகளை வரைந்தார்கள். இதில் அலங்காரம் எதுவும் இல்லை. சர்வதேச ஒப்பந்தப்படி மருத்துவக் கப்பல் அப்படித்தான் இருக்க வேண்டும். எதிரி தூரத்திலிருந்து பார்த்தாலும் சுடக்கூடாது என்று புரிய வேண்டுமே.

1915 ஜூலையில் வெலிங்டனிலிருந்து கிளம்பி, ஆகஸ்ட் 26 அன்று, அந்தப் படைகள் இறங்கிய அன்ஸாக் குடாவுக்கு எதிரே நங்கூரம் போட்டது. போய்ச் சேர்ந்த நேரம் அப்படி: ஹில் 60 என்ற சின்னக் குன்றுக்காக நடந்த கடைசிக்கட்டச் சண்டை மறுநாளே தொடங்கியது. அந்தக் கரையில் துறைமுகம் கிடையாது. காயம்பட்டவர்களைத் தட்டைப் படகுகளில் கிடத்தி, சின்ன நீராவிப் படகுகளால் கப்பலின் பக்கத்துக்கு இழுத்து வந்து, அங்கிருந்து மேலே தூக்க வேண்டும். அலையில் படகு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது, கால் போன ஒருவனை ஸ்ட்ரெச்சரோடு 122 மீட்டர் கப்பலின் தளத்துக்கு ஏற்றுவதை நினைத்துப் பாருங்கள். துறைமுகத்துக்கு வெளியே, அசையும் கடலில், கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்த வரும், நல்ல உடம்போடு இருக்கும் பைலட்டை ஏற்றுவதற்கே நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அவர்கள் இதை இரவும் பகலும் செய்தார்கள். மேலே நியூசிலாந்து ராணுவ நர்ஸ்கள் காத்திருந்தார்கள். சொந்த நாட்டுப் பெண் குரல் கேட்டதும் அந்தப் பையன்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அங்கிருந்து லெம்னோஸ், மால்டா, அலெக்சாந்திரியா என்று பல நடை. 1916-ல் சோம் சண்டை தொடங்கிய பிறகு பிரான்ஸிலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்து காயம்பட்டவர்களை சவுதாம்ப்டனுக்குக் கொண்டு போனது. இதற்குத் துணையாக மராமா என்ற இரண்டாவது மருத்துவக் கப்பலையும் நியூசிலாந்து அனுப்பியிருந்தது. போர் முடிந்ததும் மஹெனோ பழையபடி பயணிகளை ஏற்ற வந்துவிட்டது. அந்தப் பதினைந்து சொச்ச வருஷத்தில் சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக எதுவும் இல்லை. வயதானது, புதிய கப்பல்கள் வந்தன, ஓரம் கட்டினார்கள்.

1935-ல் ஜப்பானின் ஒசாகாவில் கப்பல் உடைக்கும் ஒருவருக்கு மஹெனோ விலை போனது. கூடவே ஊனா என்ற இன்னொரு பழைய கப்பலும். டாஸ்மேனியாவுக்குப் போய்வந்துகொண்டிருந்த ஊனா 1888-ல் கட்டியது, மஹெனோவைவிட மிகச் சின்னது, மஹெனோவைவிட வயதும் கூட. ஆனால் அதன் என்ஜின் ஓடும். மஹெனோவுக்கோ ப்ரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டார்கள். ஆகவே உடைபடப் போகும் ஒரு கப்பல், உடைபடப் போகும் இன்னொரு கப்பலை இழுத்துக்கொண்டு ஜூலை 3 அன்று சிட்னியிலிருந்து புறப்பட்டது. நடுவில் 900 அடி, அதாவது 270 மீட்டர் கம்பி வடம்.

கடலில் இழுத்துப் போவதைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்த அளவைக் கேட்டதுமே வயிற்றைப் பிசையும். வடம் விறைப்பாக இருக்கக் கூடாது. நடுவில் கனமாகத் தொங்கி, தண்ணீருக்குள் அமிழ்ந்து, ஒரு வில் மாதிரி வளைந்து கிடக்க வேண்டும். முன்னால் போகிற கப்பல் அலையின் மேலும் பின்னால் வருவது அலையின் பள்ளத்திலும் இருக்கும்போது, அந்தத் தொங்கல்தான் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். வடம் குட்டையாக இருந்தால் தொங்கல் குறைவு. பெரிய அலையில் வடம் ஒரே இழுப்பில் விறைத்து, வீணைத் தந்திபோல் அதிர்ந்து, அறுந்துவிடும். இன்றைக்குக் கடல் இழுவைக்கு இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளத்தை விடுவது சாதாரணம். அமைதியான கடலில் 900 அடி போதும்தான். அவர்களுக்குக் கிடைத்தது அமைதியான கடல் இல்லை.

ஜூலை 7, பிற்பகல். குவீன்ஸ்லாந்துக் கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் வெளியே. இந்தப் பக்கம் ஜூலை குளிர்காலம், சூறாவளி வருகிற பருவமே அல்ல. ஆனாலும் வந்தது. வடம் அறுந்தது. மறுபடி கட்டப் பார்த்தும் முடியவில்லை. ஊனாவின் சுக்கானும் கோளாறாகிவிட, அது தன்னைக் காப்பாற்றிக்கொள்வதே பெரும்பாடு ஆனது. மஹெனோவில் 8 பேர் இருந்தார்கள். தள்ள ப்ரொப்பெல்லர் இல்லை. சரக்கோ நிலக்கரியோ இல்லாத வெறுங்கப்பல் தண்ணீரில் உயர்ந்து மிதக்கும், அதன் பக்கச்சுவர் முழுக்கக் காற்றுக்குப் பாய்மரம்தான். இருட்டில் அது போன திசையை ஊனாவால் பார்க்கக்கூட முடியவில்லை.

மூன்று நாள் யாருக்கும் தகவல் இல்லை. ஜூலை 10 அன்று தேடிப்போன விமானம்தான் கண்டது: தீவின் கிழக்குக் கரையில், மணலில் ஏறி நிற்கிறது மஹெனோ. எட்டுப் பேரும் உயிரோடு கரையில் கூடாரம் போட்டிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து ஊனாவும் வந்து சேர்ந்தது. ஒருவர்கூடச் சாகவில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். கரை தட்டிய கப்பல்களின் கதைகளில் அது அடிக்கடி அமைவதில்லை. பாறைக்கரையாக இருந்திருந்தால் கதை வேறு.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்போம். கப்பலும் அப்படித்தான், சாதாரணமாக. ஆனால் இறந்த யானை எங்கே விழுந்து கிடக்கிறது என்பதைப் பொறுத்தது அந்த விலை. மஹெனோ வெறுங்கப்பலாக இருந்ததால் புயல் அலையும் உயர்ந்த நீர்மட்டமும் சேர்ந்து அதைக் கரைமேல் நன்றாகத் தூக்கிவைத்துவிட்டன. ஏறும்போது இருந்த தண்ணீர், இறக்கும்போது இல்லை. மிதக்கவைக்க வேண்டுமானால் மணலைத் தோண்டி வாய்க்கால் வெட்ட வேண்டும், பெரிய இழுவைக் கப்பல் வேண்டும், அலை ஓய்ந்த நாட்கள் வேண்டும். அது திறந்த பசிபிக் கரை, அலை ஓயாது. அங்கேயே அறுத்து எடுக்கலாமென்றால், அந்தக் கரையில் சாலை இல்லை, துறைமுகம் இல்லை. அறுத்த தகட்டை எதில் ஏற்றுவது? இரும்பு விற்கும் காசைவிடக் கூலி அதிகம். உலகமே பொருளாதார மந்தத்தில் இருந்த வருஷங்கள் வேறு. விலைக்கு விட்டார்கள், கேட்பாரில்லை.

ஆனால் பார்க்க ஆட்கள் வந்தார்கள். கரை ஒதுங்கிய கொஞ்ச காலத்திலேயே அந்தக் கப்பலில் ஒரு கல்யாணம்கூட நடந்திருக்கிறது. அப்போதைய படங்களில் கப்பல் முழுசாக நிற்கிறது. புகைபோக்கி, தளங்கள், ஜன்னல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மணலில் நடந்துபோய் ஏறிவிடலாம் போலத் தெரிகிறது. அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். இன்றைக்கு நீங்கள் பார்த்தது துருவால் மட்டும் ஆனதல்ல என்று புரியும்.

இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலிய விமானப்படை மஹெனோவைக் குண்டு போட்டுப் பழகும் இலக்காக்கிக்கொண்டது. தீவின் மேற்குப் பக்கத்தில் கமாண்டோ பயிற்சிப் பள்ளி ஒன்று இயங்கியது. ஜப்பானியர் பிடித்திருந்த இடங்களுக்குள் ரகசியமாக ஊடுருவும் இஸட் சிறப்புப் பிரிவு அங்கே பழகியது. வெடி வைத்துக் கப்பலைத் தகர்ப்பது எப்படி என்று அவர்கள் கற்றுக்கொண்டதும் இந்தக் கப்பலின் மேல்தான். ஒரு போரில் செஞ்சிலுவை போட்டுக்கொண்டு, யாரும் சுடக்கூடாது என்ற உத்தரவாதத்தோடு போன கப்பலை அடுத்த போரில் சொந்தப் பக்கத்துக்காரர்களே குண்டு போட்டுக் கிழித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அது போர்க்காலம், பயிற்சிக்கு ஒரு கப்பல் தேவைப்பட்டது, இது சும்மா கிடந்தது. இருந்தாலும் அந்த நர்ஸ்களில் யாராவது அந்தச் செய்தியைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்?

நீங்கள் பார்த்தது மேல்பகுதி மட்டும். மூன்று மாடிக்கு மேல் உயரம் மணலுக்குள் இருக்கிறது. எப்படிப் புதைந்தது என்பதை ஒரு சின்ன அனுபவத்தில் புரிந்துகொள்ளலாம். அலைவிளிம்பில் அசையாமல் நின்றால், ஒவ்வோர் அலையும் திரும்பும்போது பாதத்தைச் சுற்றிக் குழி பறிக்கும், பாதம் உள்ளே இறங்கும், அடுத்த அலை மேலே மணலைக் கொண்டுவந்து மூடும். கப்பலுக்கும் அதேதான். தடையாக நிற்கிற எதைச் சுற்றியும் தண்ணீர் வேகம் கூடி மணலை அரிக்கிறது, கனம் அமிழ்கிறது. அதோடு அந்தத் தீவே மணலால் ஆனது. 123 கிலோமீட்டர் நீளம், உலகின் மிகப் பெரிய மணல் தீவு. தெற்கே நியூ சவுத் வேல்ஸ் பக்கத்திலிருந்து கரையோர நீரோட்டம் லட்சக்கணக்கான வருஷமாக வடக்கே தள்ளிக்கொண்டு வந்த மணல் அது. இப்போதும் வந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் சில சமயம் கப்பல் அதிகம் தெரியும், சில சமயம் குறைவாகத் தெரியும். பெரிய புயல் வந்து மணலை வாரிக்கொண்டு போனால் பல வருஷமாகத் தெரியாத விலா எலும்புகள் வெளியே வரும். நான் இரண்டாவது முறை போனபோது தோள் உயரத்தில் இருந்த ஒரு வரிசைத் துளை, மூன்றாவது முறை முழங்கால் உயரத்தில் இருந்தது.

இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டிருந்தீர்கள். அதற்குத் துருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1905-ல் கப்பலை வெல்டிங் செய்ய மாட்டார்கள். தகட்டின் மேல் தகட்டை ஏற்றி, துளை வழியே தலையுள்ள ஆணியைச் செலுத்தி மறுமுனையை நசுக்கி இறுக்குவார்கள். அதுதான் ரிவெட். அப்படி லட்சக்கணக்கில். உப்புத் தண்ணீர் இரண்டு தகடுகளுக்கு நடுவே புகுந்தால் உள்ளுக்குள்ளேயே துரு வளரும். இரும்பைவிடத் துரு பல மடங்கு இடத்தை அடைக்கும். அது வீங்கி வீங்கி, இரண்டு தகட்டையும் நெம்பிப் பிரித்து, ரிவெட்டின் தலையைத் தெறிக்க வைத்துவிடும். மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்த்தாலே தெரியும்: ஓரங்கள் பரோட்டா அடுக்குபோல் ஏடு ஏடாகப் பிரிந்து நிற்கின்றன. ரிவெட் இருந்த இடங்களில் வரிசை தப்பாமல் ஓட்டைகள். கருஞ்சிவப்பு, அதற்குள் கொஞ்சம் ஆரஞ்சு, உப்பு பூத்த வெள்ளை. காற்று அடிக்கும்போது உள்ளே எங்கேயோ ஒரு தளர்ந்த தகடு டொக், டொக் என்று அடித்துக்கொள்ளும். ட்ரை டாக்கில், அதாவது தண்ணீரை வடித்துக் கப்பலைப் பழுதுபார்க்கும் தொட்டியில், கப்பலின் அடியில் சுத்தியலால் தட்டித் தட்டித் தகட்டின் கனத்தைச் சோதித்த கை இது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இனி அதில் ஒன்றும் மிச்சமில்லை என்கிற சத்தம்.

மணலுக்கு அடியில் காற்று இல்லாததால் துரு மெதுவாகப் பிடிக்கும். எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருப்பதும் ஓரளவு தாங்கும். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைகிற உயரம்தான் சீக்கிரம் போகும். மஹெனோவில் நாம் பார்ப்பது முழுக்க அந்த உயரம்தான். எத்தனை வருஷம் தாங்கும் என்று எண் சொல்ல மாட்டேன், ஒரே புயல் அந்த எண்ணைப் பொய்யாக்கிவிடும். ஆனால் உங்கள் பிள்ளைகள் போகும்போது கப்பல் என்று சொல்லத்தக்க உருவம் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். மணலுக்குள் இருக்கும் பாகம் நம் எல்லோரையும்விட நீண்ட நாள் இருக்கும்.

அப்படியானால் காப்பாற்றக் கூடாதா? நானும் முதலில் ஆதங்கப்பட்டேன். கிரேட் பிரிட்டன் என்ற 1843-ஆம் வருஷத்துக் கப்பலை 1970-ல் ஃபாக்லாந்து தீவிலிருந்து மிதவையில் ஏற்றி பிரிஸ்டலுக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கு அதன் அடிப்பகுதியைக் கண்ணாடிக் கூரையால் மூடி, உள்ளே பாலைவனம் மாதிரி காற்றை வறட்டி வைத்து துருவை நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் அது ஒதுக்கமான குடாவில் கிடந்தது, அடிப்பாகம் ஒன்றாக இருந்தது, பழைய தேனிரும்பு வேறு. மஹெனோ எஃகு, அலை மோதும் திறந்த கரையில் கிடக்கிறது, குண்டு பட்டுக் கிழிந்தது. தூக்கினால் துண்டு துண்டாகத்தான் வரும். பெயிண்ட் அடித்து நிறுத்துகிற கட்டத்தையும் தாண்டி பல வருஷம் ஆகிவிட்டது. இதை ஒத்துக்கொள்ள எனக்குச் சில காலம் பிடித்தது. இப்போது, அதை அப்படியே விடுவதுதான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் அதன் கதையையும் சேர்த்து விட்டுவிடக் கூடாது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் போர்வீரர்களை நினைவுகூரும் அன்ஸாக் நாளான ஏப்ரல் 25 அன்று அந்தக் கப்பலருகே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். ஒருமுறை நானும் போயிருந்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் அந்த நாளில்தான் அது மருத்துவக் கப்பல் என்று தெரிந்துகொண்டதாகச் சொன்னார்கள்.

அந்தத் தீவின் பெயரையும் ஒரு கப்பல் விபத்துதான் மாற்றியது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. 1836-ல் ஸ்டெர்லிங் காசில் என்ற கப்பல் வடக்கே பவளப்பாறையில் மோதி உடைந்தது. கேப்டன் ஜேம்ஸ் ஃப்ரேசரும் மனைவி எலைஸாவும் படகில் தப்பி இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். கேப்டன் இங்கே இறந்தார், எலைஸா பிறகு மீட்கப்பட்டார். காட்டுமிராண்டிகளிடம் சிக்கிய கதையாக அவர் சொன்னதும், அதை மற்றவர்கள் ஊதிப் பெருக்கியதும் அந்த மண்ணின் மக்களான புட்சுல்லாக்களுக்குப் பெரும் தீங்கு செய்தன. தீவுக்கு ஃப்ரேசர் என்றே பெயர் நிலைத்தது. புட்சுல்லா மக்கள் நீண்ட காலம் கேட்டு, 2023 ஜூனில் அவர்களுடைய பழைய பெயர் அதிகாரப்பூர்வமாகத் திரும்பி வந்தது: கரி. ஆங்கிலத்தில் முன்னால் ஒரு 'கே' எழுதுவார்கள், வாயில் அது வராது. இனி யாரிடமாவது சொல்லும்போது அந்தப் பெயரையே சொல்லுங்கள்.

பலகையைப் பற்றி. மூன்று மீட்டருக்குள் போகக் கூடாது என்பது சம்பிரதாயத்துக்கு எழுதியதில்லை. தலைக்கு மேலே நிற்கும் தகடு எப்போது கழன்று விழும் என்று கப்பலைக் கட்டியவனே வந்தாலும் சொல்ல முடியாது. காலடியில், மணலுக்கு ஒரு சாண் கீழே, கூரான விளிம்புகள் இருக்கின்றன. கப்பலைச் சுற்றித் தேங்கும் குட்டை ஆழமில்லாததுபோல் தெரியும், அலை பறித்த குழி எங்கே என்று தெரியாது. அங்கே அடிபட்டால் ஆஸ்பத்திரி கடலுக்கு அந்தப் பக்கம். உங்கள் படத்தில் நீல பனியன் போட்டிருக்கும் நண்பர் ஒரு விலாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவரிடம் சொல்லுங்கள், கோபமாக இல்லை, அக்கறையாக. ஒரு துண்டு துருவைக்கூட ஞாபகார்த்தமாக எடுத்து வர வேண்டாம்.

அடுத்த முறை போனால் ஓதம் வற்றும், அதாவது கடல்மட்டம் இறங்கும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். எழுபத்தைந்து மைல் கடற்கரை என்கிற அந்த மணல்தான் அங்கே சாலை, அதில் 80 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம். விமானம்கூட இறங்கும். ஆனால் ஓதம் உச்சத்துக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பும் பின்பும் வண்டியை எடுக்காதீர்கள், உப்புத் தண்ணீர் வண்டியைத் தின்றுவிடும். டிங்கோ என்ற காட்டு நாய்கள் வரும், சோறு போடாதீர்கள், கிட்டப் போகாதீர்கள். ஈலை ஓடையில் குளித்துவிட்டு வடக்கே வந்தால் சில கிலோமீட்டரில் கப்பல் தெரியத் தொடங்கும். விடியற்காலையில் போனால் கூட்டம் இருக்காது. சூரியன் கடலிலிருந்து ஏறும்போது ரிவெட் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் ஒழுகி மணலில் புள்ளி வரிசையாக விழும். மூன்று மீட்டருக்கு இப்பால் நின்று, உள்ளே கட்டில்கள் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை, கடல் பக்கம் இருந்தவர்களுக்குக் காற்று வந்திருக்கும்.